யாரும் விழாத வார்டு

மார்லிஸ் டோய்வோனனுக்கு நல்ல செய்தி என்றாலே சந்தேகம்தான். கணவன் ராய் உயிரோடு இருந்த காலத்தில் பூங்கொத்து வாங்கி வந்தால், வெளியே போய்க் காரை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கே இடித்திருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் பூவைக் கையில் வாங்குவாள். வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் பெரிய ஏரி அலையில்லாமல் கிடந்தால்கூட, "எதையோ மறைக்குது" என்பாள். அமெரிக்காவின் துலூத் நகரத்து ஆஸ்பத்திரியில் அவள் நல்ல டாக்டர் என்று பேர் வாங்கியதும் அந்தக் குணத்தால்தான். மற்றவர்கள் வெறும் இருமல் என்று விட்டதையெல்லாம் அவள் விடமாட்டாள்.

அப்படிப்பட்டவளுடைய வார்டில், அந்தக் கோடையில், ஒரு நோயாளியும் விழவில்லை.

அதற்கு முன்பு விழாத வாரமே கிடையாது. வயதானவர்கள் கழிவறைக்கு எழுந்து, தடுமாறி, இடுப்பை உடைத்துக்கொள்வார்கள். மார்லிஸுக்கு நிபுணர் சான்றைப் புதுப்பிக்கும் வருஷம் அது; அது இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் வேலை இல்லை. தேர்வு எழுதினால் மட்டும் போதாது. தன் ஆஸ்பத்திரியிலேயே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அதைச் சரிசெய்யப் பாடுபட்டதாகக் காட்ட வேண்டும். அவள் இந்த விழுதலை எடுத்துக்கொண்டாள். எல்லோருக்கும் வழுக்காத மஞ்சள் காலுறை போடச் சொன்னாள். தூக்க மாத்திரைகளைக் குறைத்தாள். நோயாளி கேட்பதற்கு முன்பே கழிவறைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். வசந்த காலத்தில் விழுதல் குறைந்தது. பிறகு, ஒரேயடியாக நின்றே போனது.

நிர்வாகம் கேக் வாங்கி அனுப்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். மார்லிஸ் மட்டும் கைதட்டியவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் நுழைந்தால் நர்ஸுகளின் அறையில் பேச்சு சட்டென்று நின்றுவிடும்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"மீன் பிடிக்கிறதப் பத்தி, டாக்டர்," என்றாள் தலைமை நர்ஸ் ஜோலீன் புரூசெக்.

"உனக்கு மீன் நாத்தமே ஆகாதே, ஜோலீன்."

"அதத்தான் பேசிட்டிருந்தோம்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மார்லிஸுக்கு உள்ளுக்குள் எரிந்தது. என்னை வெளியே தள்ளத்தான் ஏதோ திட்டம் போடுகிறார்கள்! பதினைந்து வருஷமாகக் கூட இருக்கும் ஜோலீனுமா?

மறுநாள் காலை நோயாளிகளைப் பார்க்கப் போனபோது, வால்டோ சண்டின் கம்பளித் தொப்பியோடு படுத்திருந்தார். சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். இதயக் கோளாறுக்காக ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்.

"தொப்பியக் கழட்டுங்க."

"குளிருது, டாக்டரம்மா."

"ஜூலை மாசத்துலயா?"

அவளே கழற்றினாள். காதுக்கு மேலே முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது.

"விழுந்தீங்களா?"

"இல்லியே. உக்காந்தேன்."

"எங்க?"

"தரையில."

"தரையில உக்காந்தா தலை எப்படி வீங்கும்?"

"கொஞ்சம் வேகமா உக்காந்துட்டேன்."

சொல்லும்போது கிழவரின் கண் அவள் தோளைத் தாண்டிப் போனது. மார்லிஸ் திரும்பினாள். வாசலில் ஜோலீன் வெளிறிப்போய் நின்றாள்.

ஸ்கேனில் மூளையின் ஓரத்தில் ரத்தக்கசிவு தெரிந்தது. மருந்தை முறிக்கும் ஊசி போட்டு, அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிய கையோடு, மார்லிஸ் ஜோலீனைத் துணி அடுக்கும் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அந்த மனுஷன் செத்திருப்பாரு! என்னைத் தொலைச்சுக் கட்டணும்னா வேற வழியே கெடைக்கலையா உங்களுக்கு?"

"தொலைச்சுக் கட்டவா?" என்றாள் ஜோலீன். "உங்கள வெச்சுக்கத்தான் டாக்டர் இவ்வளவும். ராய் படுக்கையில கெடந்த வருஷம் நீங்க சான்று புதுப்பிக்க மறந்துட்டீங்க. அவரையும் பொதைச்சுட்டு, வேலையும் இல்லாம, ஒரு குளிர்காலம் பூரா வீட்டுக்குள்ளயே கெடந்தீங்க. வாசல்ல சூப் வெச்சுட்டு வருவேன். மறுநாள் பாத்தா அப்படியே உறைஞ்சு கெடக்கும். அத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது. அதான், யாராவது விழுந்தா, நாங்க பிடிச்சு மெதுவாத் தரையில உக்கார வெச்சதா எழுதினோம். அப்படி எழுதினா விழுந்த கணக்குல வராது. விழுந்ததச் சொல்லாதீங்கன்னு வால்டோகிட்டயும் கெஞ்சினேன். தலைல அடிபட்டுச்சான்னு கேட்டேன். இல்லவே இல்லைன்னு தொப்பியப் போட்டுக்கிட்டாரு. நம்பிட்டேன்."

மார்லிஸ் அடுக்கியிருந்த போர்வைகளின் மேல் சாய்ந்துகொண்டாள்.

"விழுறது குறைஞ்சாத்தான் சான்றுன்னு யார் சொன்னா? உழைக்கணும், என்ன நடந்துச்சுன்னு உண்மையாப் பாக்கணும். அவ்வளவுதான் கேக்குறாங்க. குறையலைன்னாலும் கெடைக்கும்டி!"

"நீங்க சொல்லவே இல்லையே!"

சொல்லவில்லைதான். சொன்னால் இவர்கள் அசட்டையாக இருந்துவிடுவார்கள் என்று சந்தேகப்பட்டாள். அந்த வாசல் சூப்பையும்கூட, யார் வைத்தது, ஏன் வைத்தது என்று யோசித்து யோசித்தே அவள் தொடாமல் விட்டிருந்தாள்.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரியின் தரக் குழுவின் முன்னால் போய் நின்றாள்.

"நான் குடுத்த கணக்கு பொய். என் வார்டுல உண்மையச் சொல்லப் பயப்படுறாங்க. அந்தப் பயம் என்கிட்டேருந்து வந்தது."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மார்லிஸ், அப்போ இதுவரை செஞ்சது செல்லாது. முதல்லேருந்து தொடங்கணும். வருஷக் கடைசிக்குள்ள முடியலைன்னா உன் சான்று போயிடும்."

"தெரியும்."

ஜோலீனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கிழவரின் ரத்தக்கசிவு பரவாமல் நின்றது. வார்டுக்குத் திரும்பிய அன்று மார்லிஸே குனிந்து அவர் காலில் மஞ்சள் காலுறையை மாட்டினாள்.

"டாக்டரம்மா, இனிமே நான் உக்காரக்கூட உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் உக்காருவேன்."

"தொப்பியக் குடுங்க முதல்ல."

அப்போது நடைபாதையில் ஓட்டம் கேட்டது. ஜோலீன் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"டாக்டர்! கடைசி ரூம்ல ஒருத்தங்க விழுந்துட்டாங்க. உக்காரல. விழுந்தாங்க!"

பல மாதங்களுக்குப் பிறகு அந்த வார்டில் ஒரு செய்தியை மார்லிஸ் சொன்னவளின் முகத்தைப் பார்க்காமலே நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினாள்.