மறுபடி மண் பூசிய கிழங்குகள்

அவரை எல்லாரும் சோப்பு என்றுதான் கூப்பிடுவோம். ஆளைப் புகழ்ந்து காரியம் சாதிக்கிற சோப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இது நிஜமான, நுரை வருகிற சோப்பு. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கத்திகளையும் கத்தரிகளையும் கழுவி, கொதிக்கவைத்து, தட்டில் அடுக்குகிற வேலையை முப்பத்தொரு வருஷம் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. மழையில் நனைந்து வந்த குடையைக்கூட ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டுத்தான் காயவைப்பார். தன்னையும் இறக்கிக் குளிப்பாட்டிவிடுவாரோ என்று பயந்து அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பத்து நிமிஷம் வேகமாக ஓடுகிறது என்று பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பினார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மண்ணில் வேலை செய்யும் ஆசை எப்படி வந்தது என்று கேட்டால், அதற்கு அவருடைய அண்ணிதான் காரணம். அண்ணன் காலமான பிறகு அண்ணி ஒரு தோட்டத் துண்டு எடுத்தார். துணைக்குப் பக்கத்துத் துண்டை இவர் எடுத்துக்கொண்டார். ஊர் ஓரத்தில், தண்டவாளத்துக்கும் பழைய செங்கல் சூளைக்கும் நடுவே கிடந்த நிலம் அது. பன்னிரண்டு துண்டு, பன்னிரண்டு குடும்பம். ஏழாவது சோப்புடையது, எட்டாவது அண்ணியுடையது. என்னுடையது ஒன்பதாவது; அதில் விளைந்ததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

அண்ணி தையல் வேலை செய்பவர். மகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் ரொட்டிக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார். கீழே அடுப்பு எரிவதால் அந்த அறையின் தரை எந்த மாதமும் வெதுவெதுவென்று இருக்கும். அங்கே உருளைக்கிழங்கை வைத்தால் பத்தே நாளில் முளைவிட்டு, ஜன்னலைத் திறந்துகொண்டு தெருவில் போகிறவர்களை நலம் விசாரிக்கும். அதனால் அவருக்குச் சூளை அறைதான் கதி.

சூளை அறை என்பது பாதி பூமிக்குள் இறங்கியிருந்த பழைய அறை. இருட்டு, குளிர்ச்சி, ஓரளவு காற்று. வெங்காயத்தைத் தாளோடு பின்னி ஆணியில் மாட்டுவோம். பூசணியை வைக்கோல்மேல் உட்காரவைப்போம். கேரட்டை மணல் பெட்டியில் புதைப்போம். உருளைக்கிழங்கு மூட்டைகள் இடைவெளி விட்டு அடித்த பலகைத் தட்டுகளில் இருக்கும். மேல்தட்டில் சோப்புவின் மூட்டை, அதற்கு நேர் கீழே அண்ணியின் மூட்டை. குளிர் மாதங்கள் முழுக்க அண்ணி வீட்டில் நாலு பேர் சாப்பிடுவது அந்த மூட்டையைத்தான்.

அறைக்குச் சட்டம் இரண்டு. கிழங்கைக் காய்ந்த நாளில் தோண்டி, இரண்டு நாள் நிழலில் போட்டு, ஒட்டின மண்ணோடு அப்படியே வைக்க வேண்டும், கழுவவே கூடாது. யார் மூட்டையிலிருந்து அழுகல் கிளம்புகிறதோ, அவருக்கு அடுத்த பருவம் அறையில் இடமில்லை. சட்டம் போட்டவர் எங்கள் தலைவர். மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவர் பெயரே மீட்டர். சாவி சோப்புவிடம் இருந்தது. இவ்வளவு சுத்தமான கையில் இருந்தால் பயமில்லை என்று நாங்கள்தான் ஒருமனதாகக் கொடுத்தோம்.

அந்த வருஷம் சோப்புவுக்கு நல்ல விளைச்சல். கிழங்குகளை நிழலில் பரப்பிவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் கண்ணிலும் மண். முதல் நாள் தாங்கினார். இரண்டாம் நாள் ஒரே ஒரு கிழங்கை மட்டும் கழுவிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பிரஷ்ஷால் மூட்டை முழுவதையும் தேய்த்துக் கழுவிவிட்டார். கழுவி முடித்த பிறகுதான் சட்டம் நினைவுக்கு வந்தது. பளபளவென்று கொண்டுபோனால் மீட்டர் வாசலிலேயே நிறுத்திவிடுவார். என்ன செய்தார் தெரியுமா? துணியால் துடைத்து, மாடியில் இருந்த பூந்தொட்டி மண்ணை எடுத்து ஒவ்வொரு கிழங்குக்கும் திரும்பப் பூசினார். பிறந்ததிலிருந்து அவர் ஒன்றை அழுக்காக்கியது அன்றைக்குத்தான்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு காலையில் அறையைத் திறந்ததும் அவருக்குத்தான் முதலில் வாடை அடித்தது. தன் மூட்டையில் கையை விட்டார். விரல் கூழுக்குள் போனது. அழுகினதை எல்லாம் பொறுக்கி எடுத்துக் குப்பைக்குழியில் புதைத்தார். மேல்தட்டை ஈரம் தெரியாமல் துடைத்தார். மிச்சக் கிழங்கைப் புது மூட்டையில் போட்டுப் பழையபடி வைத்தார். கீழ்த்தட்டை மட்டும் அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்று பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

அடுத்த இரண்டு வாரத்தில் வாடை கதவுக்கு வெளியே வந்துவிட்டது. நாங்கள் ஐந்தாறு பேர் உள்ளே போனோம். அண்ணியின் மூட்டை அடியில் கறுப்பாக ஊறிக் கிடந்தது.

“மழையில தோண்டினீங்களா?” என்றார் மீட்டர்.

“இல்லீங்க. நல்ல வெயில்லதான் தோண்டினேன்.”

“வெயில்ல தோண்டின கிழங்கு இப்படிக் கஞ்சியாவா போகும்? ஏன் சோப்பு, உங்க மூட்டை என்ன இவ்வளவு இளைச்சிருக்கு?”

“கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. எடுத்துப் போட்டுட்டேன்.”

“பாத்தீங்களா, இவங்களோடது அவரோடதையும் கெடுத்திருக்கு. பாவம், மனுஷன் ஒரு வார்த்தை சொல்லலையே.”

அழுகல் தண்ணீர் கீழே சொட்டுமே தவிர மேலே ஏறாது. இந்தச் சின்ன விஷயம் அங்கே நின்ற ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். எட்டிய ஒரே ஆள் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை அண்ணி ஒரு கூடையோடு அவர் வீட்டுக்கு வந்தார். தன் மூட்டையில் தப்பிய கிழங்குகளில் நல்லதாகப் பொறுக்கிய பதினெட்டு.

“என்ன அண்ணி இது?”

“என்னால உங்களுதும் போச்சு இல்ல தம்பி. வச்சுக்கோங்க.”

“ஐயோ, வேண்டாம் அண்ணி.”

“வாங்கலன்னா எனக்குத் தூக்கம் வராது. நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சுப் பாத்தேன். வெயில்லதான் தோண்டினேன். ஆனா கடைசி வரிசையை எப்பத் தோண்டினேன்னு நெனவு வரல. அன்னிக்குத் தூறல் போட்டுச்சோ என்னவோ. வயசாகுது, என் தலையையே நம்ப முடியல.”

சோப்பு உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார். “தண்ணி குடிக்கறீங்களா?” என்றுதான் வந்தது.

அந்தக் கூடை அவர் சமையலறையில் ஒரு விருந்தாளியைப் போல உட்கார்ந்துகொண்டது. சமைக்க மனம் வரவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. வாரக்கடைசியில் யாருக்கும் தெரியாமல் தன் வெங்காயப் பின்னல் இரண்டை அண்ணியின் ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். மறுநாளே அண்ணி அவற்றைக் கழற்றி வந்து, “யாரோ இடம் மாத்தி மாட்டிட்டாங்க தம்பி. உங்களுதுதானே? ஏற்கெனவே என்மேல பேச்சு இருக்கு, இது வேறயா” என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்களைக் கண்டால் சோப்பு வரப்பு மாறி நடந்தார். நான்கூட, பொருள் போன கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, அதை நாலு இடத்தில் சொல்லியும் வைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சூளை வாசலில் கூட்டம். மீட்டர் சுற்றி வளைக்கவில்லை. “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அடுத்த பருவம் எட்டாம் நம்பருக்கு அறையில இடமில்ல.”

அண்ணி எதிர்த்துப் பேசவில்லை. “சரிங்க” என்றார். பிறகு மெதுவாக, “அப்ப நான் கிழங்கு போடாம கீரை மட்டும் போட்டுக்கறேன். கீரைய வைக்க இடம் வேண்டாமே” என்றார். நாலு பேர் குளிர் மாதங்களில் எந்தக் கீரையைத் தின்பது என்று யாரும் கேட்கவில்லை.

சோப்பு எழுந்தார். “அண்ணி தப்பு இல்ல. நான் கிழங்கைக் கழுவி வச்சேன். என் மூட்டைதான் முதல்ல அழுகுச்சு. அது கீழ சொட்டிடுச்சு.”

கூட்டத்தில் சிரிப்பு. “கழுவினாராம். அவரோட மூட்டையை நான்தான் வாசல்ல பிரிச்சுப் பாத்தேன், மண்ணா இருந்தது” என்றார் மீட்டர். “அண்ணிக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறாருங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு கொழுந்தன்.” இரண்டு பேர் கைதட்டினார்கள். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. “வேண்டாம் தம்பி, எனக்காக நீங்க எதுக்கு” என்றார்.

அந்தக் கைதட்டலைச் சோப்புவால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்த் தன் மூட்டையைத் தூக்கிவந்து எல்லார் காலடியிலும் கொட்டினார். ஒரு கிழங்கை எடுத்து அண்ணியிடம் நீட்டினார்.

“துடைச்சுப் பாருங்க.”

அண்ணி கட்டைவிரலால் தடவினார். மண் மாவு மாதிரி உதிர்ந்தது. உள்ளே தோல் பிரஷ் கீறலோடு வழவழவென்று இருந்தது. விரலில் ஒட்டியதோ கறுப்பு மண். எங்கள் பன்னிரண்டு துண்டிலும் ஒரு பிடி கறுப்பு மண் கிடையாது, எல்லாம் செம்மண். அது யார் வீட்டு மாடித் தொட்டி மண் என்று அண்ணிக்குத் தெரியும். அந்தத் தொட்டிகளை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.



“கிழங்கு போனா போகுது தம்பி” என்றார் அண்ணி. “தூறல்ல தோண்டினேனோன்னு என்னையே நான் சந்தேகப்பட்டேன். அதைக் கேட்டுட்டுத் தண்ணி வேணுமான்னு கேட்டீங்க.”

 சோப்பு சாவியை மீட்டரிடம் கொடுத்தார். அடுத்த பருவம் ஏழாம் நம்பருக்கு இடமில்லை என்று மீட்டர் முணுமுணுத்தார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என் கூடை எங்க?” என்றார் அண்ணி.

“வீட்டுல இருக்கு. ஒண்ணுகூட எடுக்கல.”

“கழுவிட்டீங்களா?”

 “ரெண்டாம் நாளே.”

“அப்ப அது தாங்காது. இன்னிக்கே வேகவைக்கணும். எடுத்துட்டு வாங்க.”

அன்று மாலை ரொட்டிக்கடை மாடியில் பதினெட்டுக் கிழங்கும் ஒரே பானையில் வெந்தன. பிள்ளைகள் உப்புத் தொட்டுத் தின்று தீர்த்தார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பாத்திரத்தில் அண்ணி தன் மூட்டைக் கிழங்கு இரண்டைத் தனியாக வேகவைத்தார். தோலோடு, மண்ணோடு. அதில் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொழுந்தன் முன்னால் தள்ளினார்.

“அண்ணி, மண்ணு இருக்கு.”

“இருக்கட்டும். உங்களுக்குத்தான் மண் பூசத் தெரியுமே, தின்னத் தெரியாதா?”

சாப்பிட்டார். பல்லில் நறநறத்ததைத் துப்பவில்லை. தண்ணீர் கேட்கவும் இல்லை. தட்டு காலியானதும் நிமிர்ந்து பார்த்தார். அண்ணி இரண்டாவதையும் எடுத்து வைத்தார்.