அடுப்படியில் கிடைத்த பித்தளைக் குழாய்

நம்பாதவங்க சிரிச்சுக்கோங்க. சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகல்ல.

அப்போ மஹாச்சைங்கிற துறைமுக ஊர்ல, மீனை டின்ல அடைக்கிற கம்பெனியில எனக்கு ராத்திரி வேலை. விடிஞ்சு வீட்டுக்கு வந்தா கைக்குழந்தை. தவளைன்னுதான் கூப்பிடுவோம். பல் முளைக்கிற நேரம். ஈறு வீங்கி, ஒரு வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்க்குது. கத்து கத்துன்னு கத்துவான். தூக்கம்னா என்னன்னே எனக்கு மறந்துபோச்சு.

புதுசா வந்த வாடகை வீடு. அடுப்படிப் பலகைக்கு அடியில இருந்து என் புருஷன் விச்சித் ஒரு பித்தளைக் குழாயை எடுத்தார். ஒரு சாண் நீளம். அடியில மரக்கட்டை அடைச்சிருந்தது. உள்ளே ஏதோ கறை.

"சைக்கிள் பம்பா இருக்குமோ?"

"பம்புக்கு எதுக்குங்க மரக்கட்டை? உங்க மூளையில சொருகவா?"

எதுக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை. ஆனா தவளை அதைக் கண்டதும் அழுகையை நிறுத்திட்டான். தொலையட்டும்னு தொட்டில்லயே போட்டேன்.

மறுநாள் மதியம் ஒன்றரை மணி. அவர் வேலைக்குப் போயாச்சு. கண்ணை மூடினேன்.

டொக்... டொக்... டொக்...

பக்கத்து வீட்டு லமுன் அக்கா சாலட்டுக்குப் பச்சைப் பப்பாளி இடிக்கிறாங்கன்னு நினைச்சேன். பிள்ளையும் அழலை. அப்பாடா! அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். தினமும் அதே சத்தம். தினமும் நல்ல தூக்கம்.

ஒருநாள் மதியம் வாசல்ல அக்காவைப் பார்த்தேன்.

"தினம் பப்பாளியா? எனக்கு ஒரு தட்டு குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"அடிப்பாவி, என் உரல் உடைஞ்சு ஒரு மாசமாச்சு. சத்தம் உன் வீட்டுல இருந்துல்ல வருது!"



டொக்... டொக்...

உள்ளே ஓடினேன்.

தொட்டில் ஆடுது.

யாரும் இல்லை...

சத்தம் நின்னது.

தவளை என்னைப் பார்த்துச் சிரிச்சான்.

வாயெல்லாம் சிவப்பு.

"ஐயோ, ரத்தம்!"

துடைச்சேன். ரத்தமில்லை... வெத்தலை வாசனை. நாக்குல மசிஞ்ச பாக்கு. ஈறு வீக்கத்தைக் காணோம். அந்த வெள்ளைப் புள்ளியையும் காணோம்.

பின்னாலயே வந்த அக்கா குழாயைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாங்க.

"இது உனக்கு முன்னாடி இங்க இருந்த புன்மிக் கிழவியோடது. பல்லு போனவங்க இதுல வெத்தலை பாக்கை இடிச்சுத்தான் மெல்லுவாங்க. இடிக்க ஒரு இரும்புக் கம்பியும் உண்டு."

"கம்பி எதுவும் இங்க இல்லையே, அக்கா?"

அக்கா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க.

"எப்படி இருக்கும்? போற இடத்துல வேணும்னு, அதைக் கிழவி கையில குடுத்துத்தான் எரிச்சோம். குழாய்தான் எங்கே தேடியும் கிடைக்கலை."

அன்னிக்கே குழாயை விகாரையில ஒப்படைச்சுட்டு வீட்டைக் காலி பண்ணினோம். சத்தம் அதோட நின்னுபோச்சு.

தவளைக்கு இப்போ மூணு வயசு. டாக்டர் "வரும், வரும்"ங்கிறார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. தினமும் மதியம் அவன் சோத்தை நான்தான் உரல்ல இடிச்சுக் குடுக்கிறேன். இன்னும் ஒரு பல்கூட முளைக்கலை.