மைமூன் சேர்த்து வைத்த ஒன்பது குண்டுகள்

போன வாரம் பள்ளிக்கூட ஆபீஸில் ஹால் டிக்கெட் வேலையை முடித்துவிட்டு, தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற வலியோடு வீட்டுக்கு வந்தேன். மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரம். பச்சை ஓடு பதித்த சுவர், கவிழ்ந்து கிடக்கும் சக்கர நாற்காலி. செருப்பைக்கூடக் கழற்றாமல், "எடது பக்கக் கதவத் தொறக்காதடி, உள்ள ரெண்டு பேரு நிக்கிறானுவ" என்று சொல்லிவிட்டேன். அவள் திறந்தாள். இரண்டு பேர் நின்றார்கள்.

"ம்மா, இது நேத்துதான் வந்துச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வந்திருப்பது அந்த விளையாட்டின் புதுப்பித்த உருவம். பழையதை நான் இருபது வருஷத்துக்கு முன்பே ஆடியிருக்கிறேன். ஆடியிருக்கிறேன் என்பதும் பெருமைக்குச் சொல்வதுதான். ஆடியவள் மைமூன். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவள்.

மகள் ஹெட்போனை என் தலையில் மாட்டினாள். யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம், தண்ணீர் சொட்டும் சத்தம், தூரத்தில் முனகல். எனக்கு எதுவுமே பழக்கமாக இல்லை. எங்கள் ஆட்டத்தில் சத்தமே கிடையாது. படியேறி வருகிறவர்களுக்குக் கேட்டுவிடும் என்று ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி வைத்திருந்தோம். பிணங்கள் ஓசையில்லாமல் வந்தன, நாங்களும் ஓசையில்லாமல் அலறினோம்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மாடியில் இருந்தது நானும் மைமூனும் வேலை பார்த்த டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று நாள் முழுக்க டைப் அடிப்போம். பிரிண்டரிலிருந்து பட்டர் பேப்பர் சூடாக வெளியே வரும்போது அந்த மை ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் ஜெராக்ஸ் கடையைத் தாண்டும்போது அது வந்தால் எனக்குப் பசிக்கிறது. அந்த வாசனையையும் எலுமிச்சை சாதத்தையும் சேர்த்தே தின்று பழகிய வயிறு, என்ன செய்ய.

முதலாளியை நாங்கள் சார் என்போம். ஒன்றரைக்குச் சாப்பிடப் போனால் ஒரு தூக்கமும் போட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் வருவார். அந்த ஒன்றரை மணி நேரம் எங்களுடையது. நான் அரியலூரிலிருந்து சிமெண்ட் லாரிகளின் தூசியைத் தின்றபடி பஸ்ஸில் வருவேன். மைமூன் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருவாள். குன்னத்தில் ஏறும் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்று வருவதால் காலையில் அவள் மேல் சின்ன வெங்காய வாசனை அடிக்கும். என்னைவிட இரண்டு வயது சிறியவள். அவள் அத்தா துபாயில் இருந்தார்.

திருச்சியில் கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணிக் கொடுத்தவர் அந்த விளையாட்டையும் உள்ளே போட்டுவிட்டிருந்தார். அது இரண்டாம் பாகம். முதல் பாகத்தை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. பாதி இங்கிலீஷ் புரியாது. ஊரே பிணமாக அலைகிறது, ஒரு நர்ஸ் தன் தங்கையைத் தேடி ஆஸ்பத்திரிக்குள் வருகிறாள் என்பது மட்டும் புரிந்தது. தங்கை உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதுதான் எங்கள் தினசரிச் சண்டை.

"ஊரே செத்துக் கெடக்கு, அவ மட்டும் எப்படிடி இருப்பா?"

"இருப்பாக்கா. இல்லாட்டி இவ எதுக்கு இம்புட்டுத் தூரம் வரணும்?"

மைமூன் சுடவே மாட்டாள். ஏதாவது எதிரே வந்தால் "யா அல்லா" என்று காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு நர்ஸை ஓட்டமாக ஓட்டுவாள். "குண்டு கடைசிக்கு வேணும்க்கா" என்பாள். அப்படி ஓடி ஓடியே ஒன்பது குண்டு சேர்த்திருந்தாள். நாங்கள் தாளில் வரைந்து வைத்திருந்த வரைபடத்தில் ஒரே ஒரு தாழ்வாரமும் அதன் கோடியில் ஒரு கதவும்தான் மிச்சம். தாழ்வாரத்தில் ஒரு பெரிய உருவம் குறுக்கே நிற்கும்.

அந்த நேரத்தில் அவளுக்கு நிக்காஹ் முடிவானது. மாப்பிள்ளைக்கும் துபாய். "இந்த மாசத்தோட நின்னுருவேன்க்கா. அதுக்குள்ள அந்தப் புள்ளயப் பாத்துரணும்" என்றாள். பிறகு புடவை எடுக்க இரண்டு நாள் லீவு போட்டுத் திருச்சிக்குப் போனாள்.

அதே வாரம்தான் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது இடம். அவள் லீவில் இருந்த அன்று காலை முழுக்க மைமூனின் நிக்காஹ் பத்திரிகையை நான் டைப் அடித்தேன். பொறாமைதான். இதற்கு நல்லதாக வேறு வார்த்தை இத்தனை வருஷமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

சார் சாப்பிடப் போனதும் தனியாக ஆட்டத்தைத் திறந்தேன். சுட்டேன். ஓடித் தப்பிக்க வேண்டிய இடத்திலெல்லாம் நின்று நிதானமாகச் சுட்டேன். சுகமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? ஒன்பதும் தீர்ந்தது. சேமிக்காமல் மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது, எல்லாம் பழையபடி இருக்கும். அதுதான் என் திட்டம். விளக்கெரியும் மேசை ஒன்று உண்டு. அங்கேதான் ஆட்டத்தைச் சேமிக்கலாம், அங்கே பிணங்களும் வராது. மூச்சு வாங்க அங்கே போய் நின்றேன்.

கரண்டு போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

அந்தக் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு யூபிஎஸ் கத்தினால் மூளை ஓடாது, கைதான் ஓடும். ஒரு முறை நாற்பது பக்க ப்ராஜெக்ட் போய், அந்தப் பையன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். அன்றிலிருந்து சார் எங்கே இருந்தாலும் "சேவ் பண்ணும்மா, சேவ் பண்ணு!" என்று கத்துவார். இப்போது சார் இல்லாமலே, யூபிஎஸ் சத்தத்துக்கு என் கை இரண்டே தட்டில் சேமித்துவிட்டது. நாங்கள் வைத்திருந்தது ஒரே ஒரு பதிவு. அதன் மேலேயே பதிந்துவிட்டது. சும்மா இருந்திருந்தால் கரண்டே என்னைக் காப்பாற்றியிருக்கும்.

மைமூன் மருதாணிக் கையோடு வந்தாள். ஆட்டத்தைத் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, குண்டு இல்லையே?"

"நீ இல்லாதப்ப கரண்டு போச்சு, அதுல என்னாச்சோ" என்றேன்.

அவள் நம்பினாளா என்று தெரியாது. மூன்று மதியங்கள் வெறும் கையோடு அந்தத் தாழ்வாரத்தில் ஓடினாள். மூன்று மதியங்களும் அந்தப் பெரிய உருவம் நர்ஸைத் தூக்கி அடித்தது. கடைசி நாளில், மூன்று மணிக்கு, சார் படியேறும் சத்தம் கேட்டு மூடினாள். "நான்தான் எங்கயோ வீணாக்கிட்டேன் போலக்கா. அன்னிக்கு அவசரத்துல ஆடுனேன்ல" என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "சரி விடுடி, வெளாட்டுதான" என்றேன்.

இப்போது அந்த மாடியே இல்லை. இடித்துவிட்டு மொபைல் கவர் விற்கிறார்கள். யூபிஎஸ்ஸின் கதறல் கேட்டும் நாளாகிவிட்டது. சேமிப்பது என்கிற வேலையே ஒழிந்துவிட்டது. இயந்திரம் தானாகச் சேமித்துக்கொள்கிறது, மகளுக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

அரை நாள் லீவு போட்டு நான்கு மதியங்கள் உட்கார்ந்து இந்தப் புதியதை ஆடினேன். பெரும்பாலும் ஓடினேன். கைவசம் குண்டுகள் இருந்தன. பெரிய உருவம் விழுந்தது, கதவு திறந்தது. உள்ளே ஒரு கட்டில், அதில் தங்கை உட்கார்ந்திருந்தாள். உயிரோடுதான்.

"பழசுலயும் இதே முடிவுதானா?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஆமாம்மா, கதைய மாத்தல. எதுக்கு அழுவுறீங்க?"

தங்கை இருந்தாள் என்று மைமூனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஒன்பது குண்டுகளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். லப்பைக்குடிக்காட்டில் அவள் வீட்டு லேண்ட்லைன் எண் எனக்கு இன்னும் மனப்பாடம். நேற்று அடித்துப் பார்த்தேன். இப்படி ஓர் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது.