மேல்தண்ணீர் தானாக வடியும் என்று இருந்தோம்

1. பாட்டு மட்டும் வந்த காலை

எங்கள் நாட்டில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த காலையில் நான் உப்புப் பாத்தியில் டிகிரி பார்த்துக்கொண்டிருந்தேன். டிகிரி என்றால் தண்ணீரில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பது. மரக்காணத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் உப்பளத் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலரைப் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் சென்னையில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டவர்களாம். சங்கத்துச் செக்ரட்டரி அப்படித்தான் சொன்னார்.

"உங்க ஊரு உப்பளத்துக்கும் நம்ம உப்பளத்துக்கும் இன்னா வித்தியாசம்னு எழுதிக் குடுங்க மேஸ்திரி. பசங்க படிக்கட்டும்" என்று மூன்று மாதமாகக் குடைகிறார். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. கடல் அங்கேயும் கரிக்கிறது, கூலி அங்கேயும் பற்றுவதில்லை. அதனால் நான் வேறு விஷயம் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் இந்தப் பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் நாடு என்று நான் சொல்வது பர்மா. என் தாத்தாவின் அப்பா இந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிப் போனவர். நான் பிறந்தது, கல்யாணம் கட்டியது, மேஸ்திரி ஆனது எல்லாம் மோல்மேன் நகரத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில். அங்கே ஆயுசு முழுக்க என்னை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்த முதல் நாளே பர்மாகாரன் ஆகிவிட்டேன். எங்கே இருந்தாலும் நான் பக்கத்து நாட்டுக்காரன்தான்.

அன்று காலை ஒருவர் போனும் வேலை செய்யவில்லை. டீக்கடை டிவியில் கொடி மட்டும் பறந்தது, பட்டாளத்துப் பாட்டு மட்டும் வந்தது. பிப்ரவரி மாதம், உப்பு நன்றாகப் பூக்கிற நேரம். முதலாளி ஊ மியின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பெயர் மியின், ஊ என்பது அங்கே மரியாதைக்குச் சேர்ப்பது. பர்மியர், நல்ல மனிதர், கோபமே வராது. அவர் பேசியது பர்மிய மொழி. நான் நம் பேச்சில் எழுதுகிறேன், அவர் மன்னிக்கட்டும்.

"பட்டாளம் புடிச்சிட்டானாம்ப்பா. புடிச்சவன் புடிச்சிட்டுப் போறான், நாம நம்ம வேலையப் பாப்போம். உப்பு யாருக்காவும் காத்துக்கினு நிக்காது."

அது உண்மைதான். நாங்கள் உப்பு இழுக்கிற வாருபலகையை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

என் மகள் தேவி அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்கு ஒரே பிள்ளை. ஆட்சி போன சில நாளில், சாயங்கால விளக்கு வைத்த பிறகு ஊரே தெருவுக்கு வந்து சட்டி பானையைத் தட்ட ஆரம்பித்தது. எங்கள் வீட்டுச் சோற்றுக் குண்டானை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போனவள் தேவி. அவள் தட்டின தட்டில் குண்டான் நெளிந்துவிட்டது. என் மனைவி செல்லம்மாவுக்குக் கோபமான கோபம்.

"குண்டான ஒடச்சா பட்டாளம் போயிடுமாடி?"

"போவாதும்மா. நாம முழிச்சிக்கினு இருக்கோம்னு தெரியும்ல?"

அப்புறம் செல்லம்மாவும் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு போனாள். நெளிந்த பிறகு அந்தக் குண்டானை வைத்து என்ன செய்வது என்று என்னிடம் நியாயம் கேட்டாள்.

2. சித்திரை மழை

அந்த வருஷம் சித்திரையில் காலம் தப்பி ஒரு மழை கொட்டியது. உப்பளத்துக்காரனுக்கு இதைவிடக் கெட்ட காலம் கிடையாது. ஆனால் மழை பெய்த உடனே எல்லாம் போய்விடாது. மழைத் தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். நல்ல தண்ணீர் மேலேயே நிற்கும். பாத்திக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. கலங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். கலங்காமல் இருந்தால் மேல்தண்ணீர் மட்டும் வடிந்து போகும். கீழே இருப்பது அப்படியே கிடைக்கும்.

அன்று எங்களுக்கு முக்கால்வாசி உப்பு தப்பியது. ஊ மியினுக்கு ஒரே சந்தோஷம். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"பாத்தீங்களா? எவனும் கால வெக்கல, அடியில இருக்கிறது கெடல. நாடும் இப்படித்தான். இவனுங்க மேல்தண்ணி. கலக்காம இருந்தா தானா வடிஞ்சிடுவானுங்க."

எங்களுக்கு அது வேதவாக்காகப் பட்டது. நெல் விளைவிக்கிறவனிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். எங்களுக்குத்தான் இது கண்ணால் பார்த்த உண்மை. டீக்கடையில் சொன்னோம், கோயிலில் சொன்னோம், ஊர்வலத்துக்குக் கூப்பிட வந்த பையன்களிடமும் சொன்னோம். நகரத்தில் பிள்ளைகளைச் சுடுகிறார்கள் என்று செய்தி வந்தபோதும், "கலக்காம இருங்கப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

3. தேவி கேட்ட கேள்வி

மழைக்காலம் தொடங்கும் முன்பு பள்ளிக்கூடத்தைத் திறக்கப் போவதாக உத்தரவு வந்தது. பட்டாளத்துக்கு எதிராக வேலைக்கு வர மாட்டோம் என்று நின்ற டீச்சர்கள் எல்லோரும் திரும்பி வர வேண்டும், வராதவர்கள் வேலையும் போய் ஜெயிலுக்கும் போக வேண்டும். தேவி நின்றவர்களில் ஒருத்தி.

வீட்டுக் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, ஊ மியின் சொன்னதை அப்படியே சொன்னேன். இந்த ஒரு தடவை போய் வேலையில் சேர்ந்துவிடு, மேல்தண்ணீர் தானாக வடியும் என்றேன். அவள் சேலையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா, மழத்தண்ணி தானா வடிஞ்சு நீங்க எப்பப் பாத்தீங்க?"

"இப்பதானேம்மா, சித்திரையில..."

"அது தானா வடியல. கொட்டற மழையில நீங்க மண்வெட்டிய எடுத்துக்கினு ஓடினீங்க. வரப்போட தலைய வெட்டி விட்டீங்க. அதனால வடிஞ்சுது. வெட்டாம குடிசையில குந்திக்கினு இருந்திருந்தா அத்தனையும் கரைஞ்சிருக்கும். நான்தான் சின்னதுல உங்க பின்னாலயே ஓடி வந்து பாப்பேனே."

மீசை நரைக்கிற வரைக்கும் மழைக்கு மழை அந்த வரப்பை வெட்டியவன் நான். எங்கள் உப்பளத்தில் அத்தனை பேரும் வெட்டியவர்கள்தான். கலக்காதே என்கிற பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, வெட்டி விடு என்கிற பாதியை ஊரோடு சேர்ந்து மறந்திருந்தோம். மறந்தது வசதியாகவும் இருந்தது.

அடுத்த வாரம் தேவி இன்னும் இரண்டு டீச்சர்களோடு காலை பஸ்ஸில் கிளம்பினாள். தாய்லாந்து எல்லைப் பக்கம் மலைக்கு. ஊரை விட்டு ஓடி வந்த குடும்பங்கள் அங்கே கூடியிருந்தன, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் இல்லை. "கொஞ்ச நாள்தாம்ப்பா" என்றாள். செல்லம்மா அவளுக்குக் கட்டிக் கொடுத்த சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டாள். அதைச் சொல்லி இன்னும் அழுவாள்.

பிறகு பட்டாளம் எங்கள் உப்பளத்துக்கே வந்தது. குடோனில் தங்கினார்கள். தேவி எங்கே என்று முதல் தடவை மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டாவது தடவை அப்படிக் கேட்கவில்லை. அதை இந்த மலரில் எழுத வேண்டாம். அவளைக் கேட்டு மூன்றாவது தடவை வருவதற்குள் நாங்கள் கிளம்பினோம். ஊ மியின் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார்.

"போயிட்டு வாப்பா. மேல்தண்ணி வடிஞ்சதும் சொல்லி அனுப்பறேன்."

இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

4. மரக்காணம்

செல்லம்மாவுக்குக் கிளியனூரில் தூரத்துச் சொந்தம் உண்டு. அவர்கள் புண்ணியத்தில் இங்கே வந்தோம். இங்கே தங்குவதற்கான பேப்பர் விஷயத்தில் பட்ட பாடு தனிக்கதை. டிகிரி பார்க்கத் தெரியும் என்றதும் உப்பளத்தில் எடுத்துக்கொண்டார்கள். என் கோஷ்டியில் கூடை தூக்கும் அஞ்சலைதான் எனக்கு முதலில் சிநேகம். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். "இன்னா பர்மா, உங்க ஊரு வெயிலு இந்தளவுக்குக் காயுமா?" என்பாள்.

போன வருஷம் கோடையில் இங்கேயும் திடீர் மழை பிடித்தது. பையன்கள் எல்லோரும் தார்ப்பாய்க் கொட்டகைக்குள் ஓடினார்கள். ஒருவன் உள்ளே இருந்தபடியே, "மேஸ்திரி, நீங்களும் வாங்க. அது பாட்டுக்கு வடிஞ்சிடும்" என்றான். நான் அவனைத் திட்டியதை இங்கே அச்சடிக்க முடியாது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானே வரப்பை வெட்ட ஓடினேன். அஞ்சலை நனைந்தபடி பின்னாலேயே வந்தாள்.

"ஒரு மழைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்? பாவம், சின்னப் பையன் பயந்துட்டான்."

மழைக்காக இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பையனிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வேலையில் கற்ற பாடம் என்று செக்ரட்டரி ஒன்று கேட்டார். எழுதிக்கொள்ளட்டும்: மழை பெய்தால் வரப்பை ஒருவன் போய் வெட்ட வேண்டும். அது யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் கஷ்டம்.

5. கடல் பார்க்காத பிள்ளைகள்

சிக்னல் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் தேவி கூப்பிடுவாள். சாப்பாடு, காய்ச்சல், மழை என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் நான், "வந்துடும்மா" என்பேன். அவள், "பாக்கலாம்ப்பா" என்பாள். ஒரு ஞாயிறு தவறாமல் இதுதான்.

சென்ற மாதம் ஒரு வேலை நாளில் வீடியோவில் கூப்பிட்டாள். "அப்பா, இன்னிக்குப் பசங்களுக்கு உப்புப் பாடம். இதுங்க மலையிலயே பொறந்ததுங்க, கடலையே பாத்ததில்ல. கொஞ்சம் காட்டுங்களேன்."

செல்லம்மா எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்த நேரம். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தேன். பாத்தியைக் காட்டினேன், குவித்த உப்பைக் காட்டினேன், பர்மிய மொழியில் விளக்கினேன். அஞ்சலை கூடையோடு நின்று போஸ் கொடுத்துவிட்டு, "இன்னா பர்மா, குருவி கத்தற மாதிரி பேசற" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பக்கம் பிள்ளைகளும் சிரித்தார்கள். தேவி போனைப் பிடித்திருந்ததால் அவள் முகம் தெரியவில்லை. மூங்கில் கொட்டகையும் பிள்ளைகளும்தான் தெரிந்தார்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று தேவி சொன்னாள். முன் வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்தாள். உப்பைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தாத்தா, டீச்சர உங்க ஊருக்குக் கூட்டிக்கினு போயிடுவீங்களா?"

எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லத்தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் காத்திருந்தேன்.

"இல்லம்மா. டீச்சர் உங்ககிட்டயேதான் இருப்பாங்க" என்றேன்.

லைன் கட் ஆனதும் செல்லம்மா வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் அப்படிச் சொன்னீங்க? உங்களை யார் அப்படிச் சொல்லச் சொன்னது?" என்றாள். சாப்பாட்டுக் கேரியரை அன்று இருவருமே திறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவி கூப்பிட்டாள். சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம், அங்கே பெய்கிற மழையைப் பற்றிப் பேசினோம். எல்லாம் முடிந்தது. வைக்க வேண்டியதுதான். அவள் வைக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, இன்னிக்கு என்னை வரச் சொல்லலையே?"