லாரியில் ஏற்றிய வால்வுகளை இறக்கிய நாள்

பெட்டிகள் எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து கேபினில் உட்கார்ந்துவிட்டார். சென்னைத் துறைமுகத்துக்குப் போகவேண்டிய சரக்கு. எங்கள் கம்பெனியில் ஏற்றுமதிப் பேப்பர்களில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவர் முதலாளி, இன்னொருவர் நான். பேப்பர்கள் என் மேசைமேல் இருந்தன. முதலாளி மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. என்னாலும் உட்கார முடியவில்லை.

எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் பலர், லைசென்ஸ் என்றால் ஆன்லைனில் போடுகிற ஒரு அப்ளிகேஷன் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வால்வு

எங்கள் கம்பெனி நல்லம்பள்ளி தாண்டி, ஹைவேயை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. முதலாளி கோவிந்தன் பக்கத்து ஊர் விவசாயக் குடும்பத்துக்காரர். டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி அப்பாவின் மேட்டு நிலத்தில் ஷெட் போட்டவர். நான் ஆரோக்கிய மேரி, பி.காம். எங்கள் வீட்டார் கோவிலூர்ப் பக்கம் மானாவாரி விவசாயம் செய்தவர்கள். பில் போடுவதற்காகச் சேர்ந்தேன். கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தபோது அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

முதலில் தண்ணீர்க் குழாய் வால்வுகள்தான் அனுப்பினோம். அதில் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு முதலாளி ஒரு புது வால்வு கொண்டுவந்தார். வெளியே இரும்பு. உள்ளே, ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த வகைப் பிளாஸ்டிக்கில் ஒரு வெள்ளை லைனிங். எப்பேர்ப்பட்ட ஆசிட் ஓடினாலும் அரிக்காது. அதற்கு மோல்டு செய்யவே அவர் ஒன்றரை வருஷம் அலைந்தார். முதல் வால்வு டெஸ்டிங்கில் பாஸ் ஆன அன்று ஷெட்டில் எல்லோருக்கும் பிரியாணி.

ஓசூரில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனபோதுதான், இந்த வகை வால்வு அரசாங்கத்தின் ஸ்கோமெட் லிஸ்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த லிஸ்டில் இருக்கிற பொருளை டெல்லியில் லைசென்ஸ் வாங்காமல் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "நாம என்னங்க மேரிம்மா, பீரங்கியா பண்றோம்?" என்றார்.

கூட்டத்தில் கேட்டதை விளக்கிச் சொன்னேன். இதே வால்வை மருந்துக் கம்பெனியும் வாங்கும், உரக் கம்பெனியும் வாங்கும். ஆட்களைக் கொல்கிற விஷவாயு தயாரிக்கிறவனுக்கும் இதே வால்வுதான் வேண்டும். அதனால் யார் கைக்குப் போகிறது, என்ன வேலைக்குப் போகிறது என்று கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் அனுமதி கொடுப்பார்கள். அவர் சிரிப்பு நின்றது. மோல்டு இருந்த பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

முதல் லைசென்ஸ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. வால்வு வாங்கியவர்கள் வெளிநாட்டில் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர்கள். டெல்லி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மறுநாளே பதில் அனுப்பினார்கள். பிளான்ட்டின் படத்தைக்கூட அனுப்பி, எந்தக் குழாயில் எந்த வால்வு என்று குறித்துக் கொடுத்தார்கள். நிஜமாக உபயோகிக்கிறவனிடம் கேட்டால் எப்படிப் பதில் வரும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

பெரிய ஆர்டர்

அடுத்த வருஷம் ஒரு ஏஜென்ட் வந்தார். நல்ல தமிழ், நல்ல பேச்சு. வெளிநாட்டில் ஒரு டிரேடிங் கம்பெனிக்காக வாங்குவதாகச் சொன்னார். அவர் கேட்ட அளவுக்கு நாங்கள் அதுவரை செய்ததே இல்லை. முதலாளி ஒத்துக்கொண்டார். நான் அங்கேயே, கடைசியில் உபயோகிக்கப்போகிற கம்பெனியின் சான்றிதழ் வேண்டும் என்று சொன்னேன். அதற்கென்ன மேடம், வந்துவிடும் என்றார்.

அது வருவதற்குள் ஷெட்டில் வேலை ஆரம்பமாகிவிட்டது. அசெம்பிளிக்குத் தலைவர் முனுசாமி. கம்பைநல்லூர்க்காரர், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவர். ஆள் போதவில்லை என்று முதலாளி சொன்னதும், பெங்களூரில் வேலையாக இருந்த தன் சொந்தக்காரப் பையன்கள் மூன்று பேரை வரவழைத்தார். அதில் ஒருவன் அவருடைய தாய்மாமன் மகன். ஊர்லயே வேலை, வூட்டுச் சோறு, நான் பொறுப்பு என்று அவர்கள் வீடுகளில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சான்றிதழ் வந்தது. குடிதண்ணீர் சப்ளை செய்கிற ஒரு கம்பெனியின் பெயர் போட்டிருந்தது. படித்துவிட்டு முதலாளியிடம் கொடுத்தேன். அவரும் படித்தார். தண்ணீருக்கு இந்த லைனிங் எதற்கு என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, செய்தவரே அவர்தான். பேப்பரை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

இதை வைத்து டெல்லிக்கு விண்ணப்பம் போட்டால் முதல் கேள்வியிலேயே நிற்கும். அதனால் ஏஜென்டுக்குப் போன் செய்தேன். குழாயில் என்ன ஓடும், எவ்வளவு சூட்டில் ஓடும் என்று கேட்டேன். தண்ணிதான் மேடம் என்றார். பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினீயர் பெயர் கேட்டேன். அது கான்ஃபிடென்ஷியல் என்றார். மறுபடி கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஆனால் முதலாளிக்கு மட்டும் தினமும் போன் வந்துகொண்டிருந்தது.

அந்த வாரங்களில் எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தாலும் எழுந்து நின்றுகொள்வேன். வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதிரேயே நிற்பேன், அது பொங்கி வழிந்தபிறகுதான் தெரியும். ஆபீஸில் ஷெட்டுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஷெட்டில் வால்வுகள் வரிசை வரிசையாகக் கூடிக்கொண்டு போயின. முனுசாமி கொண்டுவந்த பையன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், நான் நினைக்கிறது தப்பாக இருந்துவிடட்டும் என்றிருக்கும்.

ஒருநாள் முதலாளி வந்து, ஏஜென்ட் வேறு வழி சொல்வதாகச் சொன்னார். சாதாரண இண்டஸ்ட்ரியல் வால்வு என்று போட்டு, இந்தச் சரக்கு ஸ்கோமெட் லிஸ்டில் இல்லை என்று ஓர் உறுதிமொழி கொடுத்துவிட்டால் போதுமாம். லைசென்ஸே தேவைப்படாது. வேறு கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் அனுப்புகிறார்களாம். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

லாரி

அந்த உறுதிமொழிதான் லாரி நின்ற அன்று என் மேசைமேல் இருந்தது.

"போட்டுருங்க மேரிம்மா. வண்டி நிக்குது" என்றார் முதலாளி.

"நீங்களே போடலாமே சார். உங்களுக்கும் அதிகாரம் இருக்குது. நான் தடுக்கல."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

"இருவது வருசமா பேப்பர் வேலையெல்லாம் நீங்கதான பாக்கறீங்க" என்றார். அவர் ஒருவரே தனியாகக் கையெழுத்துப் போட விரும்பவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார், போட்டுர்றேன். இந்த வால்வுல என்ன ஓடப்போவுது?"

 அவர் கோபப்படவில்லை. ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வெளியே போனார். லாரியைச் சுற்றி நடந்தார். டயரைக் காலால் தட்டினார், கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தார். மறுபடி ஒரு சுற்று வந்தார். முனுசாமியும் பையன்களும் ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் நின்றேன். முதலாளி லாரிக்குப் பக்கத்திலேயே நின்று ஏஜென்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

சரக்கு கிளம்பத் தயார் என்று சொன்னார். அந்தப் பக்கம் அவர் சந்தோஷமாக ஏதோ சொன்னார். முதலாளி நிதானமாகப் பேசினார். "ஒரு விசயங்க. லைனிங் வால்வ மாட்டறப்ப போல்ட்ட ஏறுக்குமாறா இறுக்கிட்டா லீக் ஆயிரும். மொத தடவ நானே நேர்ல வந்து மாட்டிக் குடுத்துர்றேன். டிக்கெட் செலவு என்னுது, ஒங்களுக்கு ஒரு காசு செலவில்ல. எந்த ஊருக்கு வரணும், எந்த பிளான்ட்டுக்கு வரணும், அத மட்டும் சொல்லுங்க."

இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். செய்தவனே வந்து மாட்டிக் கொடுத்தால் அதைவிட என்ன வேண்டும்? ஏஜென்ட் வேண்டாம் என்றார். அங்கே ஆள் இருக்கிறார்கள், சிரமம் எதற்கு என்றார். முதலாளி விடவில்லை. எனக்குச் சிரமம் இல்லை, ஊர் பேரைச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஏஜென்டின் குரல் மாறியது.

"உங்களுக்கு சரக்கு விக்கணுமா வேண்டாமா சார்?"

"விக்கணுங்க. எங்க வரணும்னு சொல்லுங்க."

 அப்புறம் கூப்பிடுகிறேன் என்று ஏஜென்ட் லைனைக் கட் செய்தார். முதலாளி போனைச் சட்டைப்பையில் போட்டார். 

"முனுசாமி, எறக்கிருங்க" என்றார்.

முனுசாமி அசையவில்லை. சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. முதலாளி தானே போய்க் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அதைப் பார்த்தபிறகுதான் முனுசாமி வந்து கயிற்றில் கைவைத்தார்.

அதற்குப் பிறகு

அந்த ஏஜென்ட் மறுபடி கூப்பிடவே இல்லை. நடந்ததையெல்லாம் எழுதி டெல்லி லைசென்ஸ் ஆபீசுக்கு மெயில் போட்டேன். தகவல் கிடைத்தது, நன்றி என்று ஒரு வரி வந்தது. அத்தோடு சரி. விசாரிக்க யாரும் வரவில்லை. அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று இன்று வரைக்கும் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அந்த ஆர்டருக்குப் போட்ட பணம் முடங்கிக் கம்பெனி தள்ளாடியது. கொஞ்ச காலம் ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் லீவு என்று ஓட்டினோம். முனுசாமி கொண்டுவந்த மூன்று பையன்களும் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். பெங்களூரில் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வால்வுகள் ஷெட்டின் ஓரத்தில் கிடந்தன. பிறகு உள்நாட்டிலேயே ஓர் ஆசிட் கம்பெனியும் ஒரு மருந்துக் கம்பெனியும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டன. முதலாளி என்னிடம் அந்த நாளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்கும் மனசு அடங்கவில்லை. டிவியில் தூரத்து நாட்டுச் சண்டை பற்றிச் செய்தி வந்தால், எந்த ஊர், என்ன வாயு என்று எழுந்து பக்கத்தில் போய் நின்று கேட்பேன். நல்ல சரக்கைத் தவறாக நிறுத்திவிட்டோமோ என்று ஒரு நாள் தோன்றும். அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னொரு நாள் தோன்றும்.

போன வருஷம் நான் ரிட்டயர் ஆனேன். கம்பெனியில் எல்லோரையும் ஒகேனக்கல் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் பரிசலுக்குப் போய்விட்டார்கள். எனக்குத் தண்ணீர் பயம். மீன் வறுக்கிற கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முனுசாமி வறுத்த மீன் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது.

"யக்கா, ஒண்ணு கேக்கலாங்களா? அன்னைக்கு அந்த பார்ட்டி நெசமாலுமே தப்பானவங்கதானா?"

"தெரியல முனுசாமி."

"இத்தன வருசத்துல ஏதாச்சும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

இல்லை என்று தலையாட்டினேன். தாய்மாமன் மகன் இன்னும் தன்னோடு பேசுவதில்லை என்றார். கல்யாணம், கருமாதி என்று எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறானாம். "தப்பானவங்கன்னு உறுதியாத் தெரிஞ்சா, அவங்கிட்ட சொல்ல எனக்கும் ஒரு பதில் இருந்திருக்கும்" என்றார்.

 எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். யாருக்குப் போகிறது என்று கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியவில்லை, தெரியாததால்தான் இறக்கினோம், வேறு காரணம் கிடையாது என்றேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, தட்டில் இருந்த முள்ளை ஓரமாக ஒதுக்கினார்.

"சரிங்கக்கா. நாளைக்கே போறேன். அவன் வூட்டுக்கே போய் இதையே சொல்லிர்றேன்."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் நிறுத்துகிற சரக்கு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. பாராட்டும் வராது. பக்கத்தில் வேலை பார்க்கிறவர்களின் நஷ்டம் மட்டும் தினமும் கண்ணெதிரே இருக்கும். என்ன ஓடப்போகிறது என்ற கேள்விக்குப் பதில் வராதவரை கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் போடவில்லை என்பதையும் அன்றைக்கே, ஷெட்டில் நிற்கிறவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். ஒகேனக்கல் பெஞ்சு வரைக்கும் அவர்களைக் காத்திருக்க விடாதீர்கள்.