நீலத்தாளில் ஒரு குசினி

குடிபூரல் அழைப்பிதழுக்காக எங்கள் புதுவீட்டின் புகைப்படத்தைக் கணினியில் பழங்கால வீட்டு வரைபடம்போல மாற்றிக்கொண்டிருந்தேன். பின்னணி கருநீலமானது. சுவர்கள் வெள்ளைக் கோடுகளாயின.

வீடு கட்டவென்று ஐயா வரைவித்த பிளானும் இதே நீலந்தான். சண்டைக் காலத்தில், சிறுமியாக நான் ஐயாவின் சைக்கிள் பாரில் இருக்க, காவலரணில் ஒரு சிப்பாய் அதை விரித்தான்.

“இது என்ன கேம்ப்?”

“கேம்ப் இல்லை சேர், எங்கடை வீடு. இது குசினி, சமைக்கிற இடம்.” ஐயா ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

பொழுதுபட்ட பிறகுதான் எங்களை விட்டார்கள். அவர்கள் திருப்பித் தந்த தாளை வீட்டில் அம்மா வாங்கி நேரே அடுப்பில் வைத்தார். ஐயா பிறகு வீட்டுக் கதையே எடுக்கவில்லை.

“தேத்தண்ணி குடி பிள்ளை,” என்றபடி இப்போது அம்மா அறைக்குள் வந்தார். திரையைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டு யன்னலைச் சாத்தினார்.

“அழி பிள்ளை. ஆரும் பாக்க முந்தி அழி.”