சூரியநெல்லி வானமும் என் வீட்டு விளக்கும்

இன்று காலை சூரியநெல்லியிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா போனை நீட்டினாள். தண்ணீர்த் தொட்டி மேல் கேமராவை வைத்து, ராத்திரி முழுக்கக் குளிரில் காவலிருந்து எடுத்த டைம்லாப்ஸ் வீடியோ; ஒரு ராத்திரி முழுவதும் சில நொடிகளில் ஓடிவிடுகிறது.

மலைக்கு மேல் பால்வீதி மெல்லச் சாய்கிறது. வானம் வெளுத்து நட்சத்திரங்கள் மறைய மறைய, கீழே எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிகிறது.



ரிசார்ட்டில் சமைக்கும் மாரியம்மா அக்கா பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, திருப்பிப் போடு. மொத லைட்டு யாரு வீடு?"

"உங்க வீடுதான்க்கா."

"நாந்தான் மொதல்ல எந்திரிக்கேன்னு சொன்னா எங்க வீட்டுக்காரரு நம்பவே மாட்டாரு. அத எனக்கு அனுப்பு தாயி."

அப்புறம் போன் பஸ் முழுக்கச் சுற்றியது. எல்லோரும் அவரவர் வீட்டைத் தேடினார்கள்.

"வானத்த ஒருத்தரும் பாக்கலையே" என்று ஸ்டெல்லா சிரித்தாள். தூங்காத கண்ணில் அத்தனை சந்தோஷம்.

கடைசி வரை இருட்டாகவே கிடந்த வீடு எதுவென்று யாரும் கேட்பதற்குள் மூணாறு வந்துவிட்டது. விடிகாலை நடைப்பயிற்சி பற்றித் தினமும் இங்கே பதிவு போடுகிறவன் வீடு அது.

வீடியோ கீழே இருக்கிறது. ஸ்டெல்லாவை மனதார வாழ்த்துங்கள். தயவுசெய்து வானத்தை மட்டும் பாருங்கள்.